பால்மறந்த குட்டிகளும் குடற்புழுவும்: மேய்ச்சல் நிலத்தை ஒழுங்குசெய்து தடுக்கும் முறை

மட்டக்களப்பு வாவியின் இருகரைகளிலும் ஆடு வளர்க்காத ஊர் இல்லை எனலாம். புளியந்தீவிலும் அதனை அடுத்த எழுவான்கரை ஊர்களிலும் வளவுக்குள்ளே இரண்டு மூன்று ஆடுகளைக் கட்டி வளர்ப்பர். படுவான்கரையிலோ பத்து, இருபது எனப் பட்டியாக வைத்திருப்போரும் உளர். செம்மறி இப்பகுதியிற் குறைவு. யாழ்ப்பாணப் பகுதியிலேயே அது கூடுதலாக வளர்க்கப்படுகின்றது. ஆயினும் இங்கே கூறப்படுவன ஆட்டுக்குட்டிக்கும் செம்மறிக்குட்டிக்கும் ஒருங்கே பொருந்தும்.

மாரி மழை ஓயும் தறுவாயில் கமக்காரர் பலரும் கூறும் முறைப்பாடு ஒன்று உண்டு. "பால் குடிக்கும்வரை குட்டி நன்றாயிருந்தது, பால் மறந்த பின்னர் மெலிந்தது, தாடை வீங்கியது, ஒருநாட் காலையிற் பார்த்தால் செத்துக் கிடந்தது" என்பதே அது. சிலர் இதனைக் கண்ணூறு என்பர். சிலர் குளிர் என்பர். பெரும்பாலும் இதற்குக் காரணம் குடற்புழுவே. அப்புழு குட்டியின் வயிற்றுக்குள் எங்கிருந்து வருகின்றது என்பதை அறிந்தால், அதனைத் தடுக்கும் வழியும் தானே விளங்கும்.

எவ்வகைப் புழு?

ஆட்டுக்கு நான்கு இரைப்பைகள் உண்டு. அவற்றுள் நான்காவதில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சி வாழும் புழுவே எல்லாவற்றிலும் கொடியது. ஹீமோங்கஸ் என்பது அதன் அறிவியற் பெயர். பெண்புழு 2 முதல் 3 சென்ரிமீற்றர் நீளமிருக்கும். இரத்தம் நிறைந்த சிவந்த குடலைச் சுற்றி வெண்ணிறச் சூலகம் முறுக்கிக் கிடப்பதால், சிவப்பும் வெள்ளையுமாகத் திரித்த நூல்போலத் தோன்றும். இறந்த குட்டியை உடனே அறுத்து நான்காம் இரைப்பையைத் திறந்தால் இதனை வெறுங்கண்ணாலேயே காணலாம்.

ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர் இரத்தத்தை இழக்கச் செய்யும். இது ஒரு துளியே எனினும் கணக்குப் பார்த்தல் வேண்டும். 10 கிலோகிராம் நிறையுள்ள குட்டியின் உடலில் உள்ள இரத்தம் சுமார் 700 மில்லிலீற்றர். அதன் வயிற்றில் 500 புழுக்கள் இருப்பின் நாளொன்றுக்கு 25 மில்லிலீற்றர் போகும். பத்து நாளில் 250 மில்லிலீற்றர். அதாவது மொத்த இரத்தத்தின் மூன்றிலொரு பங்குக்கும் மேல். உடல் புது இரத்தத்தை ஊறச்செய்து ஈடுகொடுக்க முயலும். தீனி போதாத குட்டிக்கு அவ்வாற்றல் விரைவில் அற்றுப்போகும்.

சிறுகுடலில் வாழும் மெல்லிய புழுக்கள் வேறு உண்டு. அவை கழிச்சலையும் மெலிவையும் உண்டாக்கும். புழுக்கையோடு வெள்ளரிசி போன்ற துண்டுகள் வெளிவருவதைக் கண்டு பலர் அஞ்சுவர். அது நாடாப்புழு; கண்ணுக்குத் தெரிவதால் அச்சம் தருகின்றதேயன்றி, கண்ணுக்குத் தெரியாத முட்டைகளை இடும் இரத்தமுறிஞ்சிப் புழுவைப்போல் அத்துணைக் கேடு செய்வதில்லை.

புழு குட்டிக்குள் புகும் வழி

இரத்தமுறிஞ்சிப் புழு ஆட்டின் வயிற்றுக்குள் பெருகுவதில்லை. அது முட்டையை மட்டுமே அங்கு இடும். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டைகள் வரை இடவல்லது. 200 பெண்புழுக்களைச் சுமக்கும் ஒரு தாயாடு நாளொன்றுக்குப் பத்து இலட்சம் முட்டைகளைப் புழுக்கையோடு நிலத்திற் கொட்டுகின்றது எனின், நிலத்தின் நிலைமையை எண்ணிப் பாருங்கள்.

வெப்பமும் ஈரமும் சேர்ந்திருந்தால் முட்டை ஓரிரு நாளிற் பொரிக்கும். அதிலிருந்து வரும் குடம்பி என்னும் இளம்புழு புழுக்கைக்குள்ளேயே வளர்ந்து, 4 முதல் 7 நாட்களுள் குட்டியைத் தொற்றும் பருவத்தை அடையும். பின்னர் மழைநீரிலும் பனிநீரிலும் நீந்தி வெளிவந்து புல்லின்மீது ஏறும். பெரும்பாலான குடம்பிகள் புல்லின் அடிப்பாகத்தில், நிலத்திலிருந்து 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குள்ளேயே தங்கும். அப்புல்லை மேயும் குட்டியின் வயிற்றிற் புகுந்தபின், ஏறத்தாழ மூன்று வாரத்தில் முதிர்ந்து தானும் முட்டையிடத் தொடங்கும். இச்சுற்று 1906ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆய்வாளர் ரான்சம் என்பவரால் விளக்கப்பட்டது.

இங்கே கமக்காரர் நெஞ்சிற் பதிக்கவேண்டிய உண்மைகள் இரண்டு.

முதலாவது: இட்ட முட்டை உடனே தொற்றாது. குறைந்தது நான்கு நாள் செல்லவேண்டும்.

இரண்டாவது: தொற்றும் பருவத்துக் குடம்பி உணவு உண்ணாது. அதன்மேல் ஓர் உறை மூடியிருக்கும். உடலிற் சேமித்த சத்தைக் கொண்டே உயிர்வாழும். வெப்பம் மிகுந்த நாட்டில் அது ஓயாது அசைவதால் அச்சத்து விரைவில் தீர்ந்துபோகும். குளிர்நாடுகளிற் பல மாதங்கள் வாழும் குடம்பி, நம்போன்ற வெப்பநாடுகளிற் சில வாரங்களிலேயே பெரும்பாலும் மடிந்துவிடும். வெப்பநாட்டில் வாழும் நமக்கு இயற்கை தந்த பெருந்துணை இதுவே.

மாரியில் ஏன் மிகுகின்றது?

நமது பகுதியில் ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவமழை பெய்கின்றது. அப்பொழுது ஈரத்துக்குக் குறைவில்லை. அதே காலத்தில் பெரும்போக வேளாண்மையும் நடைபெறுகின்றது. பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் நாள் குறித்து, வயற்பிரதேசத்திலிருந்து கால்நடைகளை அகற்றிவிடுவர். பயிரைக் காக்க இது இன்றியமையாததே. ஆனால் அதன் விளைவாக ஆடுகள் யாவும் வளவுக்குள்ளும் தெருவோரத்திலும் மேட்டுத் துண்டுகளிலும் நெருக்கப்படுகின்றன. புழு பெருகும் காலமும், மேய்ச்சல் நிலம் சுருங்கும் காலமும் ஒன்றாய்ச் சேர்ந்துவிடுகின்றன.

ஈனும் காலத்திற்குச் சற்று முன்னும் பின்னும் தாயாட்டின் எதிர்ப்பாற்றல் குன்றும். அப்பொழுது அது வெளியிடும் புழுமுட்டைகள் பன்மடங்காகும். குட்டி புல்லைக் கடிக்கத் தொடங்கும் நிலமும் அதுவே. பால் குடிக்கும்வரை குட்டி உண்ணும் புல் சிறிது. பால் மறந்ததும் முழு உணவும் புல்லாகின்றது. எதிர்ப்பாற்றலோ இன்னும் உருவாகவில்லை. இக்காரணத்தாலேயே பால்மறந்த குட்டி முதலில் வீழ்கின்றது.

மாறாத முளை

படுவான்கரையில் ஒரு வீட்டுக்குத் தை மாதத்திற் சென்றிருந்தேன். அவ்வீட்டு அம்மையார் ஐந்து குட்டிகளைப் பால் மறக்கச் செய்திருந்தார். பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு அவற்றையே நம்பியிருந்தார். நான் சென்றபொழுது மூன்று இறந்துவிட்டன. மாதந்தோறும் தவறாது புழுமருந்து கொடுத்ததாகக் கூறினார். அவ்வாறு கொடுக்கும்படி முந்திய ஆண்டு கூறியவன் நானே.

குட்டிகள் கட்டப்பட்டிருந்த இடத்தைப் பார்த்தேன். முருங்கை மரத்தடியில் ஒரே முளை. முளையைச் சுற்றிப் புல் மண்மட்டம் வரை கரம்பப்பட்டிருந்தது. கயிறெட்டும் வட்டமெங்கும் புழுக்கை. "முளையை எப்பொழுது மாற்றினீர்கள், அம்மா?" என்று கேட்டேன். "நிழலான இடம் இதுதானே, தம்பி; ஏன் மாற்றவேண்டும்?" என்றார். மருந்தைப்பற்றிச் சொன்ன நான் முளையைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இன்று வயிற்றிலிருந்து நீக்கிய புழுவுக்குப் பதிலாக, நாளை அதே வட்டத்துப் புல்லிலிருந்து புதுப்புழு புகுந்துகொண்டிருந்தது. எஞ்சிய இரண்டு குட்டிகளையும் பரண்மீது ஏற்றிக் குழை போட்டு வளர்த்தோம், அவை பிழைத்தன. அன்று கற்றதையே கீழே முறையாகத் தருகின்றேன்.

1. முளை மாற்றி மேய்த்தல்

முட்டை தொற்றும் பருவம் அடைய நான்கு நாளாகும் என்றோம். ஆதலால் ஓரிடத்தில் மூன்று நாளுக்கு மேல் குட்டியை மேயவிடலாகாது. குடம்பிகள் பெரும்பாலும் மடியச் சில வாரங்களாகும் என்றோம். ஆதலால் ஐந்து வாரமளவுக்கு அவ்விடத்திற்கு மீளலாகாது. இவ்விரண்டையும் சேர்த்தால் முறை கிடைத்துவிடும்.

வளவிலும் அதனை அடுத்த நிலத்திலும் 12 முளைகளை அடித்து 1 முதல் 12 வரை எண்ணிடுக. கயிற்றின் நீளம் 3 மீற்றர். ஒரு முளைக்கும் அடுத்ததற்கும் 6 மீற்றர் இடைவெளி இருத்தல் வேண்டும். அப்பொழுது வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டா. முளைக்கு மூன்று நாளாக 36 நாளில் ஒரு சுற்று முடியும். ஒவ்வோர் இடமும் 33 நாள் ஓய்ந்திருக்கும். இதற்கு வேண்டிய நிலம் சுமார் 17 பேர்ச்சு. வளவிற் போதிய இடமில்லாவிடின் தெருவோரம், வேலியோரம், வாய்க்கால் வரம்பு ஆகியவற்றையும் கணக்கிற் சேர்க்கலாம். முளை மாற்றும் நாளை நாட்காட்டியிற் குறித்துக்கொள்க. நினைவை நம்பினால் பிசகும். நிழலும் நீரும் இல்லாத முளையில் நண்பகலிற் கட்டலாகாது.

பட்டியாக வைத்திருப்போர் நிலத்தைப் பத்துப் பகுதிகளாக வேலியிட்டு, பகுதிக்கு மூன்றரை நாளாக மேய்க்கலாம். 35 நாளில் ஒரு சுற்று முடியும். தென்பசுபிக் கடலிலுள்ள டொங்கா தீவுகளில் இம்முறையை ஆடுகளிற் செய்து பார்த்த ஆய்வு 1994இல் வெளியாயிற்று. ஒரே நிலத்தில் தொடர்ந்து மேய்ந்த ஆடுகளோடு ஒப்பிடுகையில், சுற்றுமுறையில் மேய்ந்தவற்றின் சாணத்திற் காணப்பட்ட புழுமுட்டைகள் பெரும்பாலும் பாதிக்கும் குறைவாயிருந்தன. அதுவும் நம் நாட்டைப்போல் வெப்பமும் மழையும் உள்ள இடமே. எனினும் இம்முறை புழுவை அடியோடு ஒழித்துவிடும் என எண்ணலாகாது. குட்டி தாங்கக்கூடிய அளவுக்குக் குறைக்கும்; அதுவே நமக்கு வேண்டுவது.

2. தூய நிலத்தைக் குட்டிக்கு ஒதுக்கல்

உள்ளவற்றுள் தூய நிலம் பால்மறந்த குட்டிக்கே உரியது. பெரும்போக அறுவடை முடிந்த வயல் இதற்கு மிக ஏற்றது. உழுது, நீர் நிறுத்தி, மாதக்கணக்காக ஆட்டின் கால்படாதிருந்த நிலம் அது. அரிதாளுக்கிடையே துளிர்க்கும் புல்லையும் வரம்புப் புல்லையும் குட்டிகள் முதலில் மேயட்டும். தாயாடுகளைப் பின்னர் விடலாம். வேறு பட்டிகள் முன்னரே அங்கு மேய்ந்துள்ளனவா என விசாரித்தறிதல் நன்று.

வளர்ந்த மாடுகள் மேய்ந்த நிலமும் பயன்படும். ஆட்டின் புழுக்களுட் பெரும்பாலானவை வளர்ந்த மாட்டின் வயிற்றில் நன்கு வளர்வதில்லை. ஆகவே மாடு மேயும்பொழுது புல்லோடு ஆட்டுப்புழுவின் குடம்பிகளையும் உண்டு அழித்துவிடுகின்றது. மாடும் ஆடும் உள்ளோர் ஒரே நிலத்தை மாறிமாறி மேய்த்தல் சிறப்பு.

3. நேரமும் உயரமும் அறிதல்

பனி உலருமுன் குட்டியை அவிழ்த்துவிடுதல் கூடாது. ஈரப்புல்லிலேயே குடம்பி மேலேறி நிற்கும். காலை ஒன்பது மணிக்குப் பின்னர், புல் உலர்ந்தபின் மேய்த்தல் நன்று. அடைமழை நாட்களிற் குட்டியைப் பரணிலேயே வைத்துத் தீனி கொடுத்தல் வேண்டும்.

புல் நான்கு விரற்கடை உயரத்துக்குக் குறையுமுன் அவ்விடத்தை விட்டு மாற்றுக. மூன்று நாள் முடியாவிடினும் மாற்றுக. அடிப்புல்லைக் கரம்பும் குட்டி புல்லைவிடப் புழுவையே மிகுதியாய் உண்கின்றது.

4. குழை கொடுத்தல்

ஆடு இயல்பாகவே தலையை நிமிர்த்திக் குழை தின்னும் பிராணி. புல்லை மட்டும் மேயக் கட்டாயப்படுத்தியவர் நாமே. குடம்பி மரமேறுவதில்லை. ஆகவே குழை புழுவற்ற உணவு. கிளிறிசிடியா, இப்பில் இப்பில், பலா, பூவரசு முதலியவற்றின் குழையைக் கட்டாகக் கட்டிக் குட்டியின் தலைமட்டத்திற்குத் தொங்கவிடுக. தரையிற் போட்டால் புழுக்கை படும், பயனும் கெடும். வேலிக் கதியாலாகக் கிளிறிசிடியாவை நட்டால் மாரியிலும் கோடையிலும் குழை கிடைக்கும். புதிதாகக் கொடுக்கும்பொழுது சிறிது சிறிதாகப் பழக்குதல் வேண்டும். ஒரே குழையை முழுத் தீனியாக்காது பிறவற்றோடு கலந்து கொடுத்தல் வேண்டும்.

இதனோடு தேங்காய்ப் பிண்ணாக்கும் தவிடும் நாளுக்கு ஒரு கைப்பிடி சேர்த்தால், குட்டி இழந்த இரத்தத்தை ஈடுசெய்ய வலுப்பெறும். புரதம் போதிய அளவு பெறும் குட்டி புழுவைத் தாங்கி நிற்கும் என்பது ஆய்வுகளிற் கண்ட உண்மை.

5. பரண் கொட்டில்

கம்புகளை இடைவெளி விட்டுப் பரப்பி, நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டிய பரணிலே புழுக்கை கீழே விழுந்துவிடும். குட்டியின் வாய்க்கு எட்டாது. விழுந்த புழுக்கையை வாரந்தோறும் திரட்டிக் குவித்து மூடி எருவாக்குக. குவியலின் சூட்டில் முட்டையும் குடம்பியும் மடியும். பச்சைப் புழுக்கையைக் குட்டி மேயும் புல்லுக்கு எருவாக இடலாகாது. நீர்த்தொட்டியும் தீனித்தொட்டியும் புழுக்கை விழாத உயரத்தில் இருத்தல் வேண்டும்.

6. ஈனும் காலத்தைத் திட்டமிடல்

ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். ஆவணி முற்பகுதியிற் கிடாயைச் சேர்த்தால் தை மாதத்தில் ஈனும். மூன்று மாதத்தில், சித்திரையில், குட்டி பால் மறக்கும். அப்பொழுது மாரி ஓய்ந்து நிலம் உலர்ந்திருக்கும். அறுவடை முடிந்த வயலும் கிடைக்கும். ஆண்டின் எல்லாக் காலத்திலும் கிடாயைத் தாயாடுகளோடு விட்டு வைப்போர், மாரி நடுவிற் பால்மறக்கும் குட்டிகளை இழக்க நேரிடுகின்றது.

மருந்து எப்பொழுது?

மேய்ச்சலை ஒழுங்கு செய்தாலும் சில குட்டிகளுக்கு மருந்து வேண்டியிருக்கும். எந்தக் குட்டிக்கு என்பதே கேள்வி. கீழ் இமையை மெதுவாக இழுத்து உட்புறத்தின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் நோக்குக. செந்நிறமாயின் இரத்தம் உண்டு; வெளிறி வெண்மையாயின் இரத்தம் இல்லை. இந்நிறத்தை ஐந்து படிகளாக வகுத்து வண்ண அட்டையாக்கிய முறை தென்னாபிரிக்காவில் 1990களில் உருவாயிற்று. மாரிக்காலத்தில் இரு வாரத்துக்கொருமுறை இவ்வாறு பார்த்து, வெளிறிய குட்டிக்கும் தாடை வீங்கிய குட்டிக்கும் மட்டும் மருந்து கொடுக்க.

எல்லா ஆட்டுக்கும் மாதந்தோறும் மருந்து கொடுத்தல் தீது. மருந்துக்கு மடியாத புழுக்கள் மட்டும் எஞ்சிப் பெருகிவிடும். தையாபெண்டசோல் என்னும் மருந்து 1961இல் வந்தது. அதற்கு மடியாத புழு 1964இலேயே அமெரிக்காவிற் கண்டறியப்பட்டது. பின்வந்த மருந்துகளுக்கும் உலகின் பல பாகங்களில் இதே கதியே நேர்ந்தது. சிவந்த கண்ணுள்ள ஆட்டை மருந்தின்றி விடுவதால், மருந்துக்கு மடியும் புழுவும் நிலத்தில் நிலைத்திருக்கும். மருந்தின் வலு நீடிக்கும். அதே காரணத்தால், மருந்து கொடுத்த அன்றே பட்டி முழுவதையும் தூய நிலத்துக்கு மாற்றுதலும் தவறு.

மருந்தின் அளவைக் கண்மதிப்பாகக் கொடாது நிறை பார்த்துக் கொடுத்தல் வேண்டும். ஆட்டின் உடல் செம்மறியைவிட விரைவாக மருந்தை வெளியேற்றுவதால், செம்மறிக்குரிய அளவு பல மருந்துகளில் ஆட்டுக்குப் போதாது. அளவை அரச கால்நடை வைத்தியரிடமே கேட்டறிக. மருந்து கொடுத்து இரு வாரத்தின் பின்னர் சாணத்தைப் பரிசோதிப்பித்தால் மருந்து வேலைசெய்ததா என்பது தெரியும். இரத்தங்கலந்த கழிச்சல் கண்டால் அது புழுவாகாது, கொக்சீடியா என்னும் நுண்ணுயிரியாகவும் இருக்கலாம். அதற்குப் புழுமருந்து பயன்படாது. தாமதியாது வைத்தியரிடம் காட்டுக.

தொகுப்பு

ஓரிடத்தில் மூன்று நாளுக்கு மேல் மேய்த்தல் வேண்டாம்; ஐந்து வாரமளவுக்கு அவ்விடத்திற்கு மீளல் வேண்டாம். பனி உலர்ந்தபின் மேய்க்க. நான்கு விரற்கடைக்குக் கீழே கரம்பவிடல் வேண்டாம். குழையைத் தொங்கவிடுக. பரணில் அடைக்க. கண்ணிமையைப் பார்த்து, வேண்டிய குட்டிக்கு மட்டும் மருந்து கொடுக்க.

இவற்றுட் பெரும்பாலானவற்றுக்குப் பணச்செலவு இல்லை. பன்னிரண்டு முளைகளும் ஒரு கயிறும் எந்த வீட்டிலும் உண்டு. மருந்தைத் தேடி ஓடுமுன், குட்டி கட்டியிருக்கும் முளை எத்தனை நாளாக அவ்விடத்திலேயே நிற்கின்றது என்பதை இன்றே சென்று பாருங்கள். மூன்று நாள் கடந்திருப்பின், பிடுங்கி அடுத்த இடத்தில் நடுங்கள்.